அம்மன் காலடியில் வைத்த கடிதம்

இதை எழுதுவதற்கென்று ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி ஏழு வருஷமாகிறது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, "என் மகளின் படிப்பைப் பற்றி" என்று ஒரு வரி எழுதினேன். அதோடு கை நின்றுவிட்டது. கொப்பியைப் பெட்டிக்குள் வைத்தேன். திருவிழா வரும்போதெல்லாம் எடுப்பேன், அந்த ஒரு வரியைப் பார்ப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். நமக்கெல்லாம் எழுத வருமா என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், அது உண்மைதான். ஆனால் எங்கள் கோயில் நோட்டீஸ் எழுதுவது நான். பஜனைப் பாட்டைக் கொப்பியில் இறக்கிக் கொடுப்பதும் நான். எழுத வராமல் இல்லை. எழுதினால் நான் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

நான் றப்பர் பால் வெட்டுகிறவன். கொடகவெலவுக்கு மேலே, ஒரு பக்கம் தேயிலையும் ஒரு பக்கம் றப்பருமாக இருப்பது எங்கள் தோட்டம். எங்கள் தோட்டம் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வீட்டுக்காரி கொழுந்தெடுக்கிறாள். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளையில்லாமல் இருந்து, மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்துப் பெற்ற பிள்ளை. அவள் படித்ததும் அம்மன் கொடுத்த புத்தி என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இது நடந்து பதினொரு வருஷமாகிறது. மகளுக்கு அப்போது பதினாறு வயது. எங்கள் வரிசை வீடான லயத்திலிருந்து மலைப்பாதையில் நடந்து போகும் தமிழ் வித்தியாலயத்தில் பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சை எழுதினாள். விஞ்ஞானத்துக்குப் பாதி வருஷம் வாத்தியார் இல்லை. இருந்தும் விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஏ எடுத்தாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும். அதற்கு அடுத்த இரண்டு வருஷம் ஏ.எல்.லில் விஞ்ஞானம் படிக்க வேண்டும். அவள் படித்த ஸ்கூலில் ஏ.எல்.லுக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். தமிழில் விஞ்ஞானம் படிக்க, இரண்டு பஸ் மாறிப் போய்வரும் தூரத்தில் ஒரே ஒரு ஸ்கூல் இருந்தது. டவுன் ஸ்கூல் என்று சொல்வோம். பெயர் இங்கே வேண்டாம்.

விண்ணப்பம் கொடுக்க நானும் மகளும் போனோம். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, காலில் தீபாவளிக்கு வாங்கி எடுத்து வைத்திருந்த செருப்பு. ஆபிஸ் வாசலில் ஏழெட்டுத் தகப்பன்மார் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கடைவீதிக்காரர்கள். தமிழர்கள்தான். எங்களைப் போலவே அவர்களுடைய பாட்டன் பூட்டன்மாரும் கடல் தாண்டி வந்தவர்கள்தான், கும்பிடுவதும் அதே சாமிதான். ஆனால் அவர்கள் டவுன், நாங்கள் தோட்டம். அவர்கள் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. நான் நின்றேன்.

என் முறை வந்தபோது வாசல்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தோட்டத்துத் துரையின் ஆபிசுக்குள் அப்படித்தான் போவோம். என் அப்பாவும் அப்படித்தான் போனார். யாரும் சொல்லித் தருவதில்லை, படியைக் கண்டால் கால் தானாகக் கழற்றும்.

உள்ளே கண்ணாடி போட்ட ஒரு அம்மா எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா, செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க. தரை ஈரமா இருக்கு, இப்பதான் கழுவினாங்க" என்றார்.

பின்னால் நின்ற இரண்டு டவுன் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

நான் செருப்பைப் போடவில்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நின்றேன்.

"வீட்டு நம்பர்?"

"பத்தாம் நம்பர் லயம், நாலாவது காம்பராங்க."

"ரோட்டுப் பேர்?"

"ரோடு இல்லீங்க."

பின்னால் திரும்பவும் சிரிப்பு. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கரண்ட் பில், தண்ணி பில் ஏதாவது ஒங்க பேர்ல இருக்கா?"

"எல்லாம் தோட்டத்துப் பேர்லதாங்க."

அந்த அம்மா பேனாவைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். "சரி, தோட்டத்து ஆபிஸ் விலாசத்தையே போடுறேன். கடிதம் அங்கதான் வரும். வந்த உடனே பாருங்க."

வந்த உடனே பாருங்க. மூன்றே சொல். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில், "அப்பா, செருப்ப எதுக்குக் கழட்டினீங்க?" என்றாள்.

"படிக்கிற எடம் பிள்ள. சரஸ்வதி இருக்கிற எடம்."

"அப்ப நானும் கழட்டியிருக்கணுமே."

நான் பஸ் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அந்த ஸ்கூலைப் பற்றி எனக்குள் ஒரு பயம் விழுந்துவிட்டது. என் பிள்ளையை அங்கே சேர்க்கவும் வேண்டும், இன்னொரு முறை அந்தப் படியேறவும் முடியாது. அப்படி ஒரு நிலைமை.

அந்த வருஷம் மகள் பாஸானதுக்குக் கரகம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு. அன்று காலையில் பெரட்டுக் களத்தில், யாருக்கு எந்த மலை என்று வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை ஒரு நீளக் கடித உறையைத் தூக்கிக் காட்டினார். எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் ஆபிசுக்கு வந்து அப்படித்தான் கைக்கு வரும்.

"பத்தாம் நம்பர் நாலு. அரசாங்கக் கடதாசி. யாருடா ஒம்மேல கேஸ் போட்டது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உறையில் டவுன் ஸ்கூலின் முத்திரை இருந்தது.

அதை அங்கேயே கிழித்துப் பார்த்திருக்கலாம். வேறு தோட்டத்தில், வேறு சாதி சனத்தில், யாரானாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காகிதம் எதுவானாலும், பரீட்சை அட்டையோ, வேலைக் கடிதமோ, கல்யாணப் பத்திரிகையோ, முதலில் அம்மன் காலடியில் வைத்துக் குங்குமம் பட்ட பிறகுதான் வீட்டுக்குள் வரும். மற்ற நாளில் என்றால் வைத்துக் கும்பிட்டு உடனே எடுத்துக்கொள்ளலாம். காப்புக் கட்டு அன்று வைத்தால் அப்படி எடுக்க முடியாது. பத்து நாளும் கருவறைக்குள் பூசாரியைத் தவிர யாரும் போகமாட்டார்கள். உள்ளே போன பொருள் காப்பு அவிழ்க்காமல் வெளியே வராது. காப்புக் கட்டியவன் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது போல அதுவும் ஒரு கட்டு.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வைத்தேன்.

பூசாரி எனக்கு மச்சான் முறை. உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மச்சான், பிரிக்கவே இல்ல?"

"அம்மன் மொதல்ல பாக்கட்டும்."

"அம்மனுக்கு வாசிக்கத் தெரியுமோ என்னமோ. எனக்கே தெரியாது" என்று சிரித்தார். பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அவசரக் கடதாசியா இருந்தா என்னா பண்ணுவ? இன்னைக்கு உள்ள போனா அடுத்த ஞாயித்துக்கெழமதான்" என்றார்.

"சேர்த்துக்கிட்டோம்னு எழுதியிருப்பாங்க. மஞ்சத்தண்ணி அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போது பிரிப்போம்."

அம்மனுக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு என் மனதில் இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று பெருமை. தோட்டமே கூடி நிற்கும்போது அந்தக் கடிதத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், கணக்கப்பிள்ளையும் கேட்க வேண்டும். மற்றது பயம். முடியாது என்று எழுதியிருந்தால்? கரகம் எடுக்கிறவன் காப்புக் கட்டும் நாளில் அழுதுகொண்டு நிற்பதா? பத்து நாளைக்காவது அது நல்ல கடிதமாகவே இருக்கட்டும் என்று நினைத்தேன். பக்தி என்று வெளியில் சொன்னேன். அதில் பக்தி கால்வாசிகூட இல்லை.

அன்று சாயங்காலம் எனக்குக் காப்புக் கட்டினார்கள். வீட்டுக்கு வந்து கடிதம் வந்த விஷயத்தைச் சொன்னேன். வீட்டுக்காரி கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"பிரிச்சா கொறஞ்சா போயிரும்? புள்ள கையில குடுத்திருந்தா ஒரு நிமிசத்துல வாசிச்சிருப்பா."

"சாமி காரியம் நடக்கிற வீட்டுல எதிர்ப்பேச்சு வேணாம்" என்றேன்.

அடுத்த நாள் மகள் வந்து நின்றாள். "அப்பா, பூசாரி மாமாகிட்டக் கேட்டு எடுக்க ஏலாதா? ஒருக்கா பாத்துட்டு திருப்பி வச்சிரலாம்."

"உள்ள போனது வெளிய வராது பிள்ள. அம்மன்கிட்ட இருக்கு, பயப்படாத."

"எனக்கு அம்மன் மேல பயம் இல்லப்பா" என்றாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்படியே ஞாபகம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் கோயில் கொட்டகையில் உட்கார்ந்து கரகத்துக்கு வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தேன். மழை தூறியது. மகள் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சாத்தியிருந்த கருவறைக் கதவைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு முடிந்து காப்பு அவிழ்த்தார்கள். பூசாரி உள்ளேயிருந்து எலுமிச்சம்பழம், மாலை, அந்த உறை எல்லாவற்றையும் தட்டில் கொண்டுவந்தார். உறையில் குங்குமம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. "வாசி மச்சான், வாசி" என்றார். தோட்டமே நின்றது. உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர், கை ஈரம். பிரித்தேன்.

ஐந்து வரிதான். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறோம், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் பெற்றோருடன் சமுகமளிக்கவும், வராதவரின் இடம் வேறு மாணவருக்கு வழங்கப்படும். அந்தத் திங்கட்கிழமை போய் ஆறு நாள் ஆகியிருந்தது.

நான் சத்தமாக வாசிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். முன்னால் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் எல்லாரும்.

"எடுக்கலையாம்" என்றேன்.

ஒரு சொல்தான். பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. எடுக்கத்தான் இல்லை. கூட்டத்தில் யாரோ, "தோட்டத்துப் புள்ளன்னுதானே?" என்றார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடிதத்தை மடித்து வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டேன். பெண்கள் மகளைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் அழவில்லை. என் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் டவுனுக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் தெரிந்த சிங்களப் பையன். "கோ துவ?" என்றான், மகள் எங்கே என்று. "கெதர" என்றேன். வீட்டில்.

அன்றைக்குச் செருப்போடு உள்ளே போனேன். அதே கண்ணாடி போட்ட அம்மா. பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏன் ஐயா வரல்ல? நல்ல ரிசல்ட் உள்ள பிள்ள. திங்கக்கிழம வர வேண்டியது. பஸ் இல்லாம இருக்கும், சொகமில்லாம இருக்கும்னு வெள்ளிக்கிழம வரைக்கும் பேரை வெட்டாம வச்சிருந்தோம். அதுக்குப் பெறகு பிரின்சிபல் அடுத்த பிள்ளைக்குக் குடுத்துட்டாரு. இனி ஒண்ணும் பண்ண ஏலாது."

"திருவிழாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "நானும் கோயிலுக்குப் போறவதான் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஒரு கேள்வி மனதுக்குள் வந்தது, இன்றுவரை போகவில்லை. பெரட்டிலேயே பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? திங்கட்கிழமை காப்பு நாள். நான் எல்லை தாண்ட முடியாது. அப்போதும் போயிருக்கமாட்டேன். ஆனால் வீட்டுக்காரி போயிருப்பாள். காப்புக் கட்டியது நான்தானே. அவள் காலில் கட்டு ஒன்றும் இல்லை.

பொய் எப்படி வளரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் உரம் போடவே வேண்டியிருக்கவில்லை. பெரட்டில், தண்ணீர் பிடிக்கும் பீலியில், பஸ்ஸில், மற்றவர்களே போட்டார்கள். பிரின்சிபல் விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாராம். றப்பர் பால் நாற்றம் அடிக்கிறது என்று மூக்கைப் பிடித்தார்களாம். நான் கேட்டுக்கொண்டு நிற்பேன். என்னைக் கண்டால் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அநியாயம் நடந்த மனுஷனுக்குக் கொடுக்கும் மரியாதை. கணக்கப்பிள்ளைகூட என்னை "வாங்க" என்று கூப்பிடத் தொடங்கினார். அந்த மரியாதை தொண்டையில் மீன் முள் மாதிரி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "அண்ணே, ஸ்கூல் வாசல்லயே செருப்பக் கழட்டச் சொன்னாங்களாமே?"

நான் தலையாட்டினேன்.

என்னுடைய வாழ்க்கையில் செய்த பாவத்தை ஒரு தட்டில் வைக்கச் சொன்னால், கடிதத்தை வைத்ததை விட இந்தத் தலையாட்டலைத்தான் முதலில் வைப்பேன். போடச் சொன்னவரைக் கழற்றச் சொன்னதாக ஆக்கிவிட்டேன்.

மகள் பழைய ஸ்கூலிலேயே கலைப்பிரிவில் ஏ.எல். படித்தாள். பாஸானாள், பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. இப்போது தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கொழும்பில் வேலை, அதனால் எங்களோடுதான் இருக்கிறாள். அந்தக் கடிதத்தை நான் வீட்டு அம்மன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை படம் துடைப்பது அவள். ஒருநாள் பார்த்தால் கடிதம் ஒரு பொலித்தீன் உறைக்குள் இருந்தது, பூச்சி அரிக்காமல். வீட்டுக்காரிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆகவே யார் போட்டது என்று கேட்க வேண்டியதில்லை. மகள் என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. எத்தனையோ நாள் அவள் கேட்டுவிட்டால் போதும் என்று இருந்தது.

இந்த வருஷம் ஓ.எல். ரிசல்ட் வந்தது. இரண்டு காம்பரா தள்ளியிருக்கும் தங்கச்சி, கூடப் பிறந்தவள் இல்லை, முறைக்குத் தங்கச்சி, அவளுடைய மகளுக்கு விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் ஏ. சின்ன வகுப்பில் என் மகள் சாயங்காலம் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"அண்ணே, இவ டவுன் ஸ்கூலுக்கு எழுதிப் போடணும்னு நிக்கிறா" என்றாள் தங்கச்சி. "நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறா. நம்ம மானத்தை நாமளே கொண்டு போய் அந்தப் படியில வைக்கிறதா? ஒங்களுக்கு நடந்ததை நீங்களே இவளுக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

நான் சாய்வாக உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு வருஷமாக எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளையும் அந்த ஸ்கூலுக்கு எழுதிப் போடவில்லை. யாரும் தடுக்கவில்லை. என் கதைதான் வாசலில் நின்றிருக்கிறது.

பிள்ளை என்னை நேராகப் பார்த்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான், பார்ப்பார்கள்.

"மாமா, ஒங்கள செருப்பக் கழட்டச் சொன்னது நெசமா?"

அடுப்படியிலிருந்து என் மகள் வெளியே வந்து நிலையில் சாய்ந்து நின்றாள். கையில் ஈரம். என்னைக் காப்பாற்ற அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலையாட்டல் போதும். அந்தப் பிள்ளை எழுந்து போயிருக்கும், கலைப்பிரிவில் சேர்ந்திருக்கும், நான் கோயில் கமிட்டியில் மரியாதையோடு செத்திருக்கலாம்.

"இல்ல" என்றேன். "போடச் சொன்னாங்க. நானா கழட்டினேன்."

பிறகு எழுந்து படத்துக்குப் பின்னாலிருந்து கடிதத்தை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். சத்தமாக வாசிக்கச் சொன்னேன். பதினொரு வருஷத்துக்கு முன் நான் வாசித்திருக்க வேண்டியதை அவள் வாசித்தாள். குங்குமம் அவள் விரலில் ஒட்டியது. வீட்டுக்காரி அப்போதுதான் முதல் தடவையாக அதைக் கேட்டாள். கேட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போனாள், அன்று சாயங்காலம் வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கச்சி ரொம்ப மெதுவாகச் சொன்னாள்: "என் மூத்தவனுக்கும் கணக்குக்கு ஏ அண்ணே. ஒங்க கதையைக் கேட்டுத்தான் அவனை அனுப்பல்ல."

அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் சாமான் கட்டுகிறான். அவள் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். திட்டவில்லை. வாசலில் திரும்பி நின்று, "வேற யாருகிட்டயும் சொல்லாதீங்க. வயசான காலத்துல ஒங்களுக்கு எதுக்கு இது" என்றாள். அவள் போன பிறகுதான் புரிந்தது, அந்த இரக்கம் பழைய பொய்யை விடப் பெரிய பூட்டு என்று.

"நான் எப்பவோ சொல்லியிருக்கலாம்" என்றாள் என் மகள். "அப்பாவே சொல்லட்டும்னு இருந்தேன்."

"வெறுத்திட்டியா பிள்ள?"

"சில நாள்" என்றாள். சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

விண்ணப்பம் கொடுக்க நான் கூடப் போகட்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "வேணாம் அண்ணே" என்றாள். என் மகள்தான் போனாள், அந்தத் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. போகும்போது பிள்ளையிடம், "செருப்ப மட்டும் கழட்டிராத" என்றாளாம். மூன்று பேரும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டு போனதாகக் கேள்வி. அந்தச் சிரிப்பில் எனக்கு இடமில்லை, அது நியாயம்தான்.

நான் நினைத்தது, உண்மையைச் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று. தங்கச்சி வேண்டாமென்றும் பெரட்டில் நானே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் அதுவும் மாறிவிட்டது. பீலியில் ஒருத்தி சொல்கிறாள், பூசாரிதான் கடிதத்தைக் கொடுக்கமாட்டேன் என்றாராம். இன்னொருவர் சொல்கிறார், ஆபிசில் கடிதத்தைப் பத்து நாள் அமுக்கி வைத்தார்களாம். கோயில் கமிட்டியில் ஒருவர் என் தோளைத் தட்டி, "அம்மன் சித்தம், நீ என்னா பண்ணுவ" என்கிறார். என் மேல் உள்ள அன்பில்தான் மாற்றுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் போய் இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பெரிய மனசு ஒங்களுக்கு" என்கிறார்கள். பூசாரி மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அதனால்தான் கொப்பியைத் திரும்ப எடுத்தேன். வாய்ப்பேச்சை எப்படியும் வளைக்கலாம், எழுத்து வளையாது என்று நம்புகிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை எங்கள் கோயிலில் காப்புக் கட்டு. நானும் கட்டுகிறேன், நேர்த்தி இல்லாமல். டவுன் ஸ்கூல் கடிதம் இன்னும் வரவில்லை. தினமும் பால் வெட்டி முடித்து ஆபிஸ் பக்கம் போய் விசாரிக்கிறேன். கணக்கப்பிள்ளை பழையபடி "என்னடா" என்கிறார். பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கடிதம் வந்தால் கை கழுவக்கூட நிற்காமல் அந்த இடத்திலேயே கிழித்து வாசி, கும்பிடுவதைப் பிறகு கும்பிடலாம் என்று. அம்மன் கோபிக்கமாட்டாள். என் கடிதத்தையும் அவள் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். அவள் வைத்திருக்கக் கூடாத ஒன்றை அவளிடம் கொடுத்தது நான்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்திலும் படிக்கிற பிள்ளை இருக்கும், எங்கேயும் எழுதிப் போடாமல் தடுக்கிற ஒரு கதையும் இருக்கும். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எனக்காக எதையும் குறைக்க வேண்டாம், அந்த ஸ்கூலுக்கு எதிராக எதையும் கூட்டவும் வேண்டாம். பூசாரி எச்சரித்தார். கடிதம் நேரத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை வரை பேரை வெட்டாமல் வைத்திருந்தார்கள். செருப்பை அந்த அம்மா போடச் சொன்னார், தரை ஈரமாக இருந்தது. இருக்கிறபடியே சொல்லுங்கள்.